ரயிலைப் பிடித்தவனின் மூச்சு

புறப்படுவதற்குக் கூவிவிட்ட ரயிலைப் பிடிக்க, கையில் பையும் தோளில் துண்டுமாக நடைமேடையில் பாய்ந்தோடுகிற மனிதர், எப்படியோ ஏறி ஆசனத்தில் அமர்ந்த பிறகுதான் பெரிதாக மூச்சு வாங்குகிறார் என்பதை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். ஓடும்போது வாங்காத மூச்சு உட்கார்ந்தபின் வாங்குவானேன் என்று யோசித்தவர்கள் சிலரே.

தசை சுருங்குவதற்கான சக்தியை நேராகக் கொடுப்பது, உண்ட சோறும் அன்று, சுவாசித்த பிராணவாயுவும் அன்று, ஏ.டி.பி. என்று ரசாயன சாஸ்திரிகள் சுருக்கிச் சொல்லும் பாஸ்பேட் வஸ்து ஒன்றே. இத்தனை அத்தியாவசியமான பொருளைச் சரீரம் அதிகம் சேமித்து வைப்பதில்லை என்பதுதான் விசித்திரம். முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மூன்று விநாடிகளுக்கே கையிருப்பு காணும். செலவாகச் செலவாகப் புதிதாக ஆக்கிக்கொண்டே இருக்கவேண்டிய அன்றாடங்காய்ச்சிக் குடித்தனம் அது.

அந்த அவசரத்தில் முதலில் கைகொடுப்பது, தசையிலேயே இருக்கும் பாஸ்போகிரியேட்டின். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்பு அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் பிஸ்கேயுடன் சேர்ந்து 1927-ல் இதை உலகுக்கு அறிவித்தார். தசை உழைக்கும்போது இவ்வஸ்து குறைவதையும், ஓய்வில் மீண்டும் நிறைவதையும் அவர்கள் கண்டார்கள். லாக்டிக் அமிலமே தசையை இயக்குகிறது என்ற கொள்கை கோலோச்சிய காலம் அது. 1930-ல் டென்மார்க்கைச் சேர்ந்த லுண்ட்ஸ்கார்ட், அந்த அமிலம் உண்டாகாதபடி விஷமேற்றிய தசையும் சிறிது நேரம் சுருங்குவதைக் காட்டியபின்தான் அக்கொள்கை ஆட்டங்கண்டது.

பாஸ்போகிரியேட்டினும் பத்து விநாடி அளவில் பெரும்பாலும் தீர்ந்துபோகும். அதற்குள்ளாகவே, தசையில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள், பிராணவாயுவை எதிர்பாராமலே சிதைந்து உதவத் தொடங்கிவிடுகிறது. வேகம் உண்டே தவிர, சிக்கனம் இல்லாத வழி இது: ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து இவ்வாறு நிகரமாகக் கிடைப்பது இரண்டே ஏ.டி.பி.; பிராணவாயுவோடு நிதானமாக எரித்தாலோ ஏறக்குறைய முப்பது. ஆனால் இருதயமும் நுரையீரலும் அந்த நிதான வழிக்குத் தயாராகச் சற்று நேரம் பிடிக்கும். நம் பயணிக்கோ ரயில் காத்திருக்காது.

ஆகவே கடன்பட்டு ஓடிய அவர், ஜன்னலோரம் அமர்ந்து நெஞ்சு விம்ம விம்ம இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அக்கடனுக்குச் செலுத்தும் தவணை. சில நிமிஷங்களில் பாஸ்போகிரியேட்டின் பெரும்பாலும் நிறைந்துவிடும். வியர்வை அடங்கத்தான் இன்னும் சிறிது தாமதமாகும். ஏனெனில் தசை செலவிடும் சக்தியில் ஏறத்தாழக் கால் பங்கே உழைப்பாக மாறுகிறது, மிச்சமெல்லாம் உஷ்ணம்.