ஆறாம் வாரத்தில் கேட்க வேண்டியது

நம் பாட்டிமார் காலத்தில், பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் ஒருத்தி காரணமில்லாமல் அழுதால் தலைமாட்டில் இரும்பும் வேப்பிலையும் வைப்பார்கள். மாதம் கடந்தும் அழுகை நிற்காவிட்டால், காத்துக்கருப்பு பட்டுவிட்டதென்று மந்திரித்துத் தாயத்துக் கட்டுவார்கள். உறக்கமே இல்லாமல் பிதற்றி, மடியில் கிடப்பது தன் பிள்ளையே இல்லை என்பவளுக்கு ஜன்னி கண்டிருக்கிறது என்பார்கள். கர்ப்பத்திலேயே தொடங்கிவிட்ட வாட்டமோ மசக்கைக் கணக்கில் போய்விடும்.

அதே வீடுகள்தான் பச்சை உடம்புக்காரியைத் தாங்கின. பூண்டுக் குழம்பு, கருவாடு, பிரசவ லேகியம், பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு கிழவி, நடுராத்திரியில் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு சித்தி. இந்த உதவியின் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பலருக்கு அது தலைப்பிரசவத்தோடு சரி. நான்காவது பேற்றுக்குத் தாய்வீடு போக முடியாதவள், எழுந்து நடமாடத் தொடங்கியதும் அடுப்படிக்குப் போனாள். மூன்றாவதும் பெண் என்றால் எட்டிப் பார்க்கவும் ஆளிருக்காது.

அந்த வீடுகளுக்குள் என்ன நடந்தது என்பதை எண்களில் காட்டியவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள். தமிழகக் கிராமப்புறக் கர்ப்பிணிகளைக் கடைசி மூன்று மாதங்களில் சந்தித்து, பிரசவத்துக்குப் பின்னும் தொடர்ந்து பார்த்தார்கள். ஆய்வு 2002இல் வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 100க்கு 11 பேர். குறைந்த வருமானம், ஆணை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கைக்கு உதவியின்மை ஆகியவை அவர்கள் கண்ட காரணங்கள். பெற்றோரும் இந்தப் பட்டியலில் இருப்பதை நான் அழுத்திச் சொல்வேன். தாய்வீடு எல்லோருக்கும் நிழலாக இருந்துவிடவில்லை.

இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. இரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பிள்ளையின் எடையும் அட்டையில் ஏறிவிடுகின்றன. ஆனால் வீடு திரும்பிய பிறகு, தாய்வீட்டில் அம்மாவே வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். பகல் முழுக்கப் பெற்றவளும் பிள்ளையும்தான். பிள்ளை தூங்கும்போதும் இவளுக்குத் தூக்கமில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பிள்ளைக்கு ஏதோ ஆகிவிடும் என்ற நினைப்பு துரத்துகிறது. வெளியே சொன்னால் கெட்ட தாய் என்பார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறாள்.

பிரசவமானதும் ஹார்மோன்கள் சட்டென்று சரிவதால் வரும் முதல் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். அதைத் தாண்டி நீடிப்பது நோய். உளச்சிகிச்சைக்கும் மருந்துக்கும் கேட்கிற நோய். பால் கொடுக்கும் தாய்க்கும் தரத்தக்க மாத்திரைகள் உண்டு. அவற்றுள் ஒன்றான செர்ட்ரலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. ஆயிரத்தில் ஓரிருவருக்கு வரும் அந்த 'ஜன்னி' மட்டும் அவசர நிலை, ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் வார்டு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009இல் தொடங்கப்பட்டது. சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம். அப்படிச் சேர்த்துக்கொள்ளும் வார்டுகள் போதவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தாயிடம் மனநிலையைக் கேட்டறிவதற்கான கருவியும் நம்மிடம் இருக்கிறது. எடின்பரோவில் 1987இல் உருவான பத்துக் கேள்விகள், தமிழில் பெயர்க்கப்பட்டு வேலூரில் பரிசோதிக்கப்பட்டவை. சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா என்று கடந்த ஏழு நாட்களைப் பற்றி விசாரிக்கும். களைப்பைப் பற்றிக் கேட்காது. அது எல்லாத் தாய்க்கும் உள்ளதுதானே. ஐந்து நிமிடம் போதும், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டலாம்.

தனியாக முகாம் போட வேண்டியதில்லை. ஆறாம் வாரம் பிள்ளைக்குத் தடுப்பூசி போட அவளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். செவிலியர் அவளைத் தனியே அழைத்து, மாமியாரையும் கணவரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பத்தையும் கேட்கட்டும். பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு அவள் தயங்கினாலே அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். வீட்டுக்குத் தனியாக அனுப்பக் கூடாது. இரவில் அந்த எண்ணம் வந்தால் பேசுவதற்கு 14416 என்ற மனநல உதவி எண்ணை அவள் அட்டையிலேயே எழுதித் தர வேண்டும்.