பெயரைக் காத்த இடாப்பு

மாத்தளை மலைத் தோட்டமொன்றில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே சிறியதொரு தேவாலயம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்கு சென்றது ஆராதனைக்காக அல்ல; ஓர் அக்காவின் பெயரைத் தேடித்தான்.

அக்கா பிறந்தது அத்தோட்டத்து லயத்தில். 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது பெற்றோர் அவரைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்குப் போனார்கள். 2009இல், போரின் இறுதி நாட்களில், கணவரையும் இழந்து உறவினரிடம் திரும்பி வந்தார். அவரது பிறப்பு ஒருபோதும் பதியப்பட்டிருக்கவில்லை. அடையாள அட்டையும் இல்லை. அது இல்லாமல் எந்த உதவிக்கும் விண்ணப்பிக்க முடியவில்லை.

“சின்னதில எனக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்கன்னு அம்மா சொல்லும் மிஸ்” என்றார் ஒருநாள். அந்த ஒரு சொல்தான் எங்களுக்கு வழிகாட்டியது.

இத்தகைய தேவாலயங்களின் கதை கோப்பிக் காலத்தில் தொடங்குகின்றது. தமிழ்நாட்டிலிருந்து வந்த எமது மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தனர். கொலராவாலும் பசியாலும் வழியிலே மாண்டவர்கள் பலர். அவர்களது பெயர்களை எழுதி வைப்பார் இருக்கவில்லை.

1854இல் சேர்ச் மிஷனரி சங்கம், தோட்டத் துரைமாரின் பண உதவியோடு, ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பணியை ஆரம்பித்தது. அன்று எம்மவரை எப்படிப் பார்த்தார்கள் என்பதை அந்தப் பெயரே காட்டும். ஆனால் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் லயம் லயமாகச் சென்று தமிழிலே பேசினார்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவை இடாப்பில் பதியப்பட்டன. தோட்டக் கணக்கில் வெறும் ஆள் எண்ணிக்கையாக இருந்தவர்கள் இங்கே பெயரும் தாய் தந்தையரும் உடையவர்களானார்கள்.

கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தத்தால் பலர் இந்தியா சென்றனர். சபைகள் சிறுத்தன, இடாப்புகள் எஞ்சின.

குருவானவர் பழைய இடாப்பைப் புரட்டினார். அக்காவின் பெயர் இருந்தது. இன்னொன்றில், 1964க்கு முந்திய பக்கத்தில், அவரது தாயின் திருமணமும் இருந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது சந்ததியினருக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை அளிக்கின்றது. ஆகவே அந்தப் பக்கமும் பெறுமதியானதே.

“அம்மா பேர எழுத்துல இப்பதான் பாக்குறேன்” என்று அக்கா அந்த வரியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஞானஸ்நானச் சான்றிதழ் மட்டும் போதவில்லை. வவுனியாப் பாடசாலைப் பதிவையும் இணைத்தோம். பலமுறை அலைந்தபின் காலங்கடந்த பிறப்புப் பதிவு கிடைத்தது. பிறகு அடையாள அட்டையும் வந்தது.

சகோதரிகளே, பத்திரங்கள் தொலைந்துவிட்டன என்று சோர்ந்துவிடாதீர்கள். ஞானஸ்நானப் பதிவு, பாடசாலை இடாப்பு, பிறந்த சாதகம் ஆகியவற்றைத் தேடி எடுத்து, பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் காட்டி விசாரியுங்கள். எங்கோ ஒரு பழைய பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கக்கூடும்.