தாய் இறால் இப்போது விமானத்தில் வருகிறது

தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி தொடங்கியது 1977இல். முதலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 1989இல் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 2012இல்தான் நாகப்பட்டினத்தில் மீன்வளத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் வந்தது. பலகையில் பெயர் மாறியது மாணவருக்குப் பெரிய விஷயமில்லை. அவர் கை செய்யும் வேலை மாறியதுதான் பெரிது.

கெண்டையை எடுத்துக்கொள்வோம். அன்றைய மாணவருக்கு இனப்பெருக்கப் பாடம் மீன் தலையிலிருந்து தொடங்கும். மார்க்கெட்டில் வெட்டிப்போட்ட சினை மீனின் மண்டையைத் திறந்து, மூளைக்கு அடியிலிருக்கும் துளியளவு பிட்யூட்டரி சுரப்பியை நசுங்காமல் எடுத்து ஆல்கஹாலில் போட்டு வைக்க வேண்டும். பிறகு அரைத்து, வடித்து, எடை பார்த்துப் பெண் மீனுக்கு இரண்டு ஊசி, ஆணுக்கு ஒன்று. இந்த முறையில் 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரி கெண்டையை முட்டையிட வைத்தார். தேசிய மீன் விவசாயிகள் தினம் அந்தத் தேதியில் வருவது அதனால்தான். அதற்கு முன்பு குஞ்சு வேண்டுமென்றால் ஆற்றில் அள்ள வேண்டும். கட்லா குஞ்சோடு அதைத் தின்னும் வாளையும் விராலும் சேர்ந்தே வரும். இன்று ஹார்மோன் குப்பியில் கிடைக்கிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊசி போதும். ஆனால் எந்த மீன் ஊசிக்குத் தயார் என்பதை வயிற்றைத் தடவித்தான் இன்றும் சொல்கிறார்கள்.

இறாலில் நடந்தது வேறு கதை. 1990களில் பண்ணைகளில் இருந்தது டைகர் இறால். அதன் தாய் கடலிலிருந்துதான் வர வேண்டும். விசைப்படகு கரை சேரும் நேரத்தில் குஞ்சு பொரிக்கும் ஹேட்ச்சரிக்காரர்கள் உயிருள்ள சினை இறாலுக்காகக் காத்து நிற்பார்கள்; நல்ல இறால் ஒன்றே ஆயிரக்கணக்கில் விலை போகும். எந்த மாதம், எத்தனை பாகம் ஆழத்தில் அது கிடைக்கும் என்பது மீனவருக்குத்தான் தெரியும். பட்டம் படித்தவர் அவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

1994-95இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து பண்ணைகளைத் துடைத்துப் போட்டது. 1996 டிசம்பரில், நாகை நில உரிமைப் போராளி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2005இல் தனிச் சட்டமும் அதற்கென ஓர் ஆணையமும் வந்தன. 2009இல் வனாமிக்கு அனுமதி கிடைத்தது. வனாமி நம் கடல் இறாலே இல்லை, அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையைச் சேர்ந்தது. குறிப்பிட்ட நோய்கள் இல்லாமல் வளர்த்த தாய் இறால் விமானத்தில் சென்னைக்கு வந்து, நீலாங்கரையில் தனிமைப்படுத்தப்பட்டு, பிறகுதான் ஹேட்ச்சரிக்குப் போகிறது. துறைமுகத்தில் காத்து நின்ற வேலை அதோடு போயிற்று. இன்றைய பட்டதாரி, இறாலில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். கருவிக்கு முன்னால் நிற்கிறார்.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. மீனவர் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவருக்கு 2021 முதல் 7.5 சதவீதமும் உண்டு. நல்லதுதான். ஆனால் காற்றையும் நீரோட்டத்தையும் தெரிந்துகொண்டு வரும் பிள்ளைக்கு, தனியாரில் காத்திருக்கும் வேலை பெரும்பாலும் வரப்புக் கட்டிய குளத்தில். அப்பாவின் அறிவுக்குப் பாடத்திட்டத்தில் மதிப்பெண் இல்லை. கப்பலே ஓட்ட வேண்டுமென்றால் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மீன்பிடிப் பயிற்சி நிறுவனத்தில் வேறு படிப்பு படிக்க வேண்டும்.

குளத்து வேலையும் லேசானதல்ல. வனாமியை ஒரு சதுர மீட்டருக்கு 60 குஞ்சு வரை விடலாம் என்பது விதி. அத்தனை உயிர் நெருக்கியடிக்கும் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவது விடிவதற்குச் சற்று முன்பு. அந்த நேரத்தில் மீட்டரோடு வரப்பில் நிற்க வேண்டும், ஏரேட்டர் நின்றால் ஜெனரேட்டருக்கு ஓட வேண்டும். நான்காம் ஆண்டில் பெரும்பகுதியை மாணவர்கள் இப்போது வகுப்புக்கு வெளியே கழிப்பது இதைப் பழகத்தான்.

அன்று பட்டம் வாங்கியவரின் கண் மீன்வளத் துறை ஆய்வாளர் பணியில் இருந்தது. இன்றும் அந்தத் தேர்வை எழுதுகிறார்கள். முடிவு வருவதற்குள் பலர் மரக்காணம் ஹேட்ச்சரியிலோ நெல்லூர், பீமவரம் பக்கத்துப் பண்ணையிலோ சேர்ந்துவிடுகிறார்கள். இன்னொரு கூட்டம் தீவன கம்பெனிகளில். அங்கே பதவியின் பெயர் டெக்னீஷியன், மாதக் கடைசியில் கேட்கப்படுவது எத்தனை டன் விற்றாய் என்று. பண்ணைக்காரருக்கு அந்தக் கணக்கு வேண்டாம். இறால் தின்கிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கி வைக்கும் செக் டிரேயைத் தூக்கிக் காட்டி, தீவனம் ஏன் மிஞ்சியிருக்கிறது என்று கேட்பார். தண்ணீரா, நோயா, இறால் சட்டை உரிக்கிற நேரமா, போட்ட அளவே அதிகமா? அளவுதான் அதிகம் என்றால், குறைக்கச் சொல்ல வேண்டியவரும் அதே தீவனத்தை விற்க வந்தவர்தான்.