முட்டிவலியும் மாஜூன் டப்பாவும்

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் உழைத்தவர்களின் முட்டிகள் சுமந்தது கொஞ்சமல்ல. விடியுமுன் பால்மரம் வெட்டினார்கள், காண்டா வாளி தூக்கினார்கள். செம்பனை வந்தபின் உதிரிப் பழம் பொறுக்கக் குந்திக் குந்தி எழுந்தார்கள். பாரம் தூக்குவதும் நெடுநேரம் குந்துவதும் மூட்டுத் தேய்மானத்துக்கு வழிவிடும். உடல் எடை, பழைய அடி, குடும்பவாகு ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். பெண்களுக்கே இது அதிகம்.

மூட்டு தேயும்போது, எலும்பு முனையை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு மெலிகிறது. ஓரங்களில் எலும்பு துருத்துகிறது, உள்சவ்வு வீங்குகிறது. காலையில் எழுந்ததும் இருக்கும் விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். விறைப்பு மணிக்கணக்கில் நீடித்தாலோ, முட்டி சிவந்து சூடேறிக் காய்ச்சல் வந்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

"தேஞ்சு போச்சு, இனி நடக்காதே" என்று வீட்டார் அன்பாகச் சொல்வதுதான் பலரை முடக்குகிறது. முட்டியைத் தாங்குவது தொடைத் தசை. நடக்காமல் இருந்தால் அது வற்றும், வலி கூடும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். தொடையை இறுக்கி ஐந்து விநாடி வைத்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, தினமும். தொடக்கத்தில் கொஞ்சம் வலிக்கும். மறுநாளும் வலி தணியாவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய ஆறேழு வாரமாவது ஆகும். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டிமேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

வலிக்கு முதலில் பூசும் ஜெல் போதும். வலிமாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடக்கூடும். எதற்கும் அசையாத வலிக்கு மூட்டு மாற்று அறுவை இருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கி, சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையிலோ அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையிலோ எலும்பு மருத்துவரைப் பார்க்கலாம்.

எனக்குப் பெரிய கவலை, சந்தையிலும் முகநூலிலும் விற்கும் ஜாமு, மாஜூன் என்னும் நாட்டு மருந்து டப்பாக்கள்தான். இரண்டே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுங்கள். பதிவில்லாத இத்தகைய பொருள்களில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது முகத்தை ஊதவைக்கும், எலும்பை மெலியவைக்கும், சர்க்கரையை ஏற்றும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அதனால் நமக்கு இந்த ஸ்டீராய்டு இரட்டை ஆபத்து.

வாங்குமுன் டப்பாவில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டும் உண்டா என்று பாருங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்திருந்தால், திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. டப்பாவோடு கிளினிக்குக்குப் போய், எவ்வளவு காலமாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எப்படிப் பாதுகாப்பாக விடுவது என்று மருத்துவர் சொல்வார்.