மஞ்சள் பட்டைக்கு எவ்வளவு? கோஹிபா சுருட்டின் விலைக் கணக்கு

இன்ஸ்டாகிராம்ல "சக்சஸ் மைண்ட்செட்"னு தேடிப் பாருங்க. பத்து ரீல்ஸ் தள்ளுறதுக்குள்ள ஒரு ஆள் கண்டிப்பா வருவார். லெதர் சோஃபா, தங்கக் கலர் வாட்ச், விரலிடுக்கில் தடிமனா ஒரு சுருட்டு. சுருட்டைச் சுத்தி மஞ்சள், கறுப்புல ஒரு காகிதப் பட்டை இருந்தா, அது கோஹிபா. இல்லைன்னா அதோட டூப்ளிகேட்.

கோஹிபா கியூபா நாட்டுச் சுருட்டு. அதன் உச்ச ரகமான பிஹைக், ஒரே ஒரு சுருட்டு, வெளிநாட்டுக் கடைகளில் 100 டாலரைச் சுலபமா தாண்டும். நம்ம ஹாஸ்டல்ல ஒரு மாச மெஸ் பில்லை விட அதிகம். ஒன்றரை மணி நேரத்தில் சாம்பல்.

அந்த விலைக்கு அதுக்குள்ள என்னதான் இருக்கு? ஒரு பொருளைப் புரிஞ்சுக்க நமக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான்: பிரிச்சுப் பார்ப்பது.

உள்ளே இருப்பது

கையால் சுருட்டும் நல்ல சுருட்டில் மூணு அடுக்கு உண்டு. நடுவில் ஃபில்லர், அதைக் கட்டிப் பிடிக்கும் பைண்டர், வெளியே மெல்லிய ரேப்பர். மலிவான மெஷின் சுருட்டில் ஃபில்லர் வெறும் நறுக்கின தூள். நல்ல சுருட்டில் நீள இலைகளை மடிச்சு வைப்பாங்க. நெருக்கமா வைத்தால் புகை வராது. தளர்வா வைத்தால் கடகடன்னு எரிஞ்சு சூடேறும். ஒரே சீரா வைப்பது பல வருஷப் பழக்கம் கேட்கும் கைவேலை.

அதுக்கு முன்னால் இலையை அடுக்கிக் குவிச்சு நொதிக்க வைக்கணும். குவியல் தானாகவே சூடாகி அம்மோனியாவை வெளியே தள்ளும், காரல் குறையும். மற்ற கியூபச் சுருட்டுகளுக்கு இரண்டு முறை நடக்கும் இந்த வேலை, கோஹிபாவின் சில இலைகளுக்கு மூணாவது முறையும் மரப் பீப்பாயில் நடக்குது. பிஹைக்கில் செடியின் உச்சியில் அபூர்வமா வரும் "மெடியோ டியெம்போ" இலையும் சேருது.

ஆக, ஒரு டாலர் மெஷின் சுருட்டுக்கும் பத்து டாலர் கைச்சுருட்டுக்கும் உள்ள வித்தியாசம் நிஜம். இலை, நேரம், கை மூணுக்கும் காசு போகுது. ஆனா பத்துக்கும் நூறுக்கும் நடுவில்? அங்கே இலையும் நேரமும் பத்து மடங்கு ஆகலை.

ஒரு குட்டி உதாரணம். பிஹைக் 52, 54, 56னு மூணு இருக்கு. போன் மாடல் மாதிரி நம்பர் ஏற ஏறத் தரம் ஏறுதுன்னு தோணும். அது வெறும் விட்டம். ஒரு அங்குலத்தை 64 பங்காக்கி, அதில் எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. 56 என்றால் சுமார் 22 மில்லிமீட்டர், அவ்வளவுதான்.

ஒரே அறிவிப்பு, இரட்டிப்பு விலை

2022ல் நடந்ததைக் கேட்டா விஷயம் இன்னும் தெளிவாகும். கியூபச் சுருட்டுகளை உலகம் முழுக்க விற்கும் ஹபானோஸ் நிறுவனம், கோஹிபா, டிரினிடாட் இரண்டு பிராண்டுகளுக்கும் இனி எல்லா நாட்டிலும் ஹாங்காங் அளவு விலைன்னு முடிவு பண்ணியது. பல நாடுகளில் விலை ஒரே தாவலில் இரண்டு மடங்கு ஆச்சு, சில இடங்களில் அதுக்கும் மேல.

கொஞ்சம் யோசிங்க. அறிவிப்புக்கு முந்தின நாள் கடை அலமாரியில் இருந்த அதே பெட்டி. அதே இலை, சுருட்டின அதே கை. மறுநாள் டபுள். வாங்குறவங்க ஓடிட்டாங்களா? இல்லை. அடுத்த வருஷம், 2023ல், அந்த நிறுவனத்தின் விற்பனை 72 கோடி டாலர். அதுவரை இல்லாத உச்சம்.

விலை ஏறினதால் ஆசை குறையாம நிற்கும், சில சமயம் கூடவும் செய்யும் பொருளுக்கு எகனாமிக்ஸ் பேப்பரில் "வெப்லன் பொருள்"னு பேர். 1899லேயே தார்ஸ்டீன் வெப்லன் எழுதி வெச்சது: சில செலவை மனுஷன் பண்றதே மத்தவங்க பார்க்கணும்னுதான்.

கதைக்கும் காசு

அந்த ஆசை எங்கிருந்து வந்தது? கோஹிபா தொடங்கியது 1966ல், ஃபிடல் காஸ்ட்ரோவுக்காக. ஹவானாவின் எல் லகீட்டோ என்ற பழைய மாளிகையில் பெண்கள் சுருட்டுவாங்க. பல வருஷம் கடையில் கிடைக்காது. வெளிநாட்டுத் தலைவர்களுக்கும் தூதர்களுக்கும் பரிசா மட்டும் போகும். 1982ல் பொதுச் சந்தைக்கு வந்தபோது அதுக்கு விளம்பரமே தேவைப்படலை, "கிடைக்காத சுருட்டு" என்ற பேரே போதும்.

அமெரிக்கா வேற உதவி பண்ணுச்சு. 1962 பிப்ரவரியில் அதிபர் கென்னடி கியூபா மேல் வணிகத் தடை போட்டார். கையெழுத்துப் போடும் முன்னால் தனக்கு ஆயிரம் கியூபச் சுருட்டு வாங்கி வரச் சொன்னார் என்றும், 1,200 கிடைத்ததுன்னு சொன்ன பிறகே கையெழுத்துப் போட்டார் என்றும் அவருடைய பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சர் பின்னாளில் சொன்னார். தடை செய்த பழத்துக்கு ருசி அதிகம்னு அதிபருக்கே தெரிஞ்சிருக்கு!

நாக்கா, மூளையா?

"குடிச்சவங்க எல்லாம் சூப்பர்னு சொல்றாங்களே, பொய்யா?" பொய் இல்லை. அதுதான் சுவாரஸ்யம். 2008ல் கலிபோர்னியாவில் ஒரு ஆய்வு நடந்தது. ஒரே ஒயினை ஒரு தடவை 10 டாலர்னும், இன்னொரு தடவை 90 டாலர்னும் சொல்லிக் கொடுத்து மூளையை ஸ்கேன் பண்ணாங்க. 90 டாலர்னு சொன்னப்ப "நல்லா இருக்கு"ன்னு சொன்னதோட, இன்பத்தைப் பதியும் மூளைப் பகுதியும் கூடுதலா வேலை செஞ்சது. விலைச் சீட்டே ருசியின் ஒரு பகுதி ஆயிடுது.

சுருட்டு உலகத்திலும் இதுக்குச் சாட்சி இருக்கு. அமெரிக்காவின் "சிகார் அஃபிசியனாடோ" பத்திரிகை பட்டையைக் கழட்டிட்டு, பேர் தெரியாம மதிப்பெண் போடும். 2012ல் முதலிடம் பிடிச்சது நிகராகுவா நாட்டின் ஒரு சுருட்டு. விலை 10 டாலருக்கும் கீழ்.

போலிக் கதை இன்னும் வேடிக்கை. கியூபா கடற்கரைகளில் டூரிஸ்ட்களுக்கு விற்கும் கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டி பிரசித்தம். அசல் கோஹிபா கண்ணாடி மூடிப் பெட்டியில் வருவதே இல்லை. ஆனாலும் அதை வாங்கி, பத்தவெச்சு, "அடடா"ன்னு கண்ணை மூடுறவங்க இருக்காங்க. அவங்க ரசிச்சது எதை? பட்டையை.

நம்ம ஊரிலும் இதே பாடம் உண்டு. திருச்சி உறையூர் சுருட்டு ஒரு காலத்தில் லண்டன் வரை பேர் போனது. 1887ல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, சாம்பலைப் பார்த்து கொலைகாரன் பிடிச்சது திருச்சி சுருட்டுன்னு ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். இன்னிக்கு உறையூர்ச் சுருட்டை லெதர் சோஃபாவில் வெச்சு ரீல்ஸ் போட யாரும் இல்லை. இலையின் ரகம் வேற, ஒத்துக்கிறேன். ஆனா விலையில் இருக்கிற அந்த மலை அளவு வித்தியாசத்தை இலை மட்டும் உண்டாக்கலை.

பில்லில் வராத செலவு

கடைசியா ஒண்ணு. "சிகரெட் மாதிரி இல்ல மச்சி, உள்ளே இழுக்க மாட்டோம், கையால செஞ்சது, இயற்கை." ஃபேர்வெல் பார்ட்டியில் இந்த டயலாக்கை நீங்களும் கேட்டிருப்பீங்க. கெமிஸ்ட்ரி வேற சொல்லுது. நொதிக்க வெச்ச சுருட்டு இலையின் புகையில் காரத்தன்மை அதிகம். அதனால் உள்ளே இழுக்காமலே நிகோடின் வாய்ச் சவ்வு வழியா ரத்தத்தில் ஏறும். ஒரு பெரிய சுருட்டில் ஒரு முழு சிகரெட் பாக்கெட் அளவு புகையிலைகூட இருக்கும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு பட்டை மஞ்சளா, வெள்ளையான்னு கவலை கிடையாது. மூணாவது முறை நொதிக்க வெச்சாலும் இது மாறாது.

ஆக, விலைக்கு மதிப்பு உண்டா? கைவேலைக்குக் கொடுக்கும் முதல் சில டாலருக்குப் பொருள் இருக்கு. மீதியெல்லாம் ஒரு காகிதப் பட்டைக்கும், அதைப் பிடிச்சிருக்கும் கையை நாலு பேர் பார்க்கறதுக்கும் போகுது. அடுத்த தடவை அந்த ரீல் வந்தா, அந்த ஆள் விற்கிறது சுருட்டை இல்லை, நம்ம ஆசையைன்னு புரிஞ்சுக்கிட்டுத் தள்ளி விடுங்க.

யாருக்காக கோஹிபா உருவாச்சோ, அந்தக் காஸ்ட்ரோ 1985ல் சுருட்டை விட்டுட்டார். நாட்டு மக்களைப் புகைக்காதீங்கன்னு சொல்லணும்னா, முதல்ல தான் விடணும்னு. அவருக்கு அது ஓசியில் கிடைச்சது. அப்பவும் வேணாம்னுட்டார்.