ஆறுமணிக் குருவியின் வருகை

இலையுதிர் காலம் என ஒன்று இலங்கைக்கு இல்லை. ஆயினும், வடக்கே குளிர் நெருங்குவதைக் களுபோவில வீட்டுத் தோட்டங்கள் ஐப்பசியில் அறிந்துவிடுகின்றன. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்த ஆறுமணிக் குருவி அப்போது அங்கே வந்து இறங்குகின்றது. வைகறையிலும் அந்தியிலும் சீழ்க்கை போல அது கூவுவதே பெயர்க் காரணம்.

பச்சை முதுகு, மங்கிய பொன்னிற மார்பு, வாலடியிற் சிவப்பு. வாலோ மிகக் குட்டை. சிங்கள மக்கள் இதனை அவிச்சியா என்பர். இதன் ஆடையை மயில் இரவல் வாங்கித் திருப்பித் தரவில்லையாம்; அதனாலேயே அழுகின்றதாம். எஞ்சியதே இத்துணை அழகு!

இரவில் நெடுந்தூரம் பறந்து களைத்த குருவி, விளக்கொளியில் மயங்கி யன்னற் கண்ணாடியில் மோதி விழுவதுண்டு. விடியலில் விறாந்தையிற் கிடப்பதைப் பூனை முந்திக்கொள்ளும். கண்டவர் அதைக் காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருளும் அமைதியுமான இடத்தில் வைத்தல் நன்று. வாயில் நீர் புகட்டலாகாது. மோதிய அதிர்ச்சி மட்டுமே எனில், ஓரிரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். பின்னர் செடி நிழலில் விடலாம்.

பழுப்புக் கீச்சானும் தகைவிலானும் இக்காலத்து விருந்தினரே. கீச்சான் வேலியிலும் தகைவிலான் மின்கம்பியிலும் அமர்ந்திருக்கும், காண்பது எளிது. ஆறுமணிக் குருவியோ தரையிற் சருகைக் கிளறிப் புழு பூச்சி தேடுவது. நாள்தோறும் கூட்டி எரிக்கும் முற்றத்தில் அதற்கு இரையேது? 1990இல் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலம் அருகேதான் உள்ளது. எனினும், மாமரத்தடியிற் சருகு கிடக்கும் ஒரு மூலை போதும். சித்திரை வரையும் அங்கே தங்கிவிடும்.