பழவேற்காட்டில் கேட்டுக்கொண்டிருந்த பாதிரியார்

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில்தான் எங்கள் திருப்பாலைவனம் பக்கத்துச் சபைகளில் பெரிய வேத ஆராய்ச்சியெல்லாம் நடக்கும். "தெளிச்சா ஞானஸ்நானமே இல்லண்ணே, முழுக்குதான்." "அப்ப உங்க தாத்தா நரகத்துக்கா போனாரு?" அவ்வளவுதான். தண்ணீர் போய் தாத்தா வந்துவிடுவார். வலை காயப்போட வேண்டியவன் மத்தியானம்வரை அங்கேயே நிற்பான்.

வாதமே கூடாதென்று சிலர் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தைக் காட்டுவார்கள். எழுதிய பவுலே எருசலேமில் வாதாடியவர்தான். புறஜாதியார் விருத்தசேதனம் பண்ணிக்கொள்ள வேண்டுமா என்ற ஒரே கேள்வி. பேதுரு பேச, பர்னபாவும் பவுலும் பேச, யாக்கோபு முடிவு சொல்ல, அது கடிதமாகப் போனது. அப்போஸ்தலர் 15-ஐப் படித்தால் யாரும் யாருடைய தாத்தாவையும் இழுக்கவில்லை.

நம்மிடம் இழுத்தவர்கள் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரும் தரங்கம்பாடி லுத்தரன்காரர்களும் ஒருவரையொருவர் மறுத்துத் தமிழிலேயே எழுதினார்கள். 'பேதகமறுத்தல்' அப்படிப் பிறந்ததுதான். தமிழ் உரைநடைக்கு லாபம். சபைகளுக்கு என்ன லாபமென்று எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தவர் பழவேற்காட்டுக்காரர். 1632 முதல் பத்தாண்டு இங்கே டச்சுக்காரர்களின் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரொஜேரியுஸ். கெல்ட்ரியா கோட்டையை அண்டி வாழ்ந்த பத்மநாபர் என்ற பிராமணரிடம், இருவருக்கும் தெரிந்த போர்த்துக்கீசியத்தில், கேள்விமேல் கேள்வி கேட்டார். கல்யாணம் எப்படி, சாவுச் சடங்கு எப்படி, எந்தத் தெய்வத்துக்கு என்ன பூசை. பதிலை எழுதி வைத்தார். பர்த்ருஹரியின் நீதிப் பாடல்களும் அப்படித்தான் டச்சு மொழிக்குப் போயின. அவர் இறந்தபின் 1651-இல் லெய்டனில் புத்தகம் வந்தது. தலைப்பிலேயே 'அஞ்ஞானம்' என்றுதான் போட்டிருக்கிறது. மனிதர் தம் விசுவாசத்திலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனாலும் பத்மநாபர் சொன்னதை, பத்மநாபர் சொன்னதாகவே வைத்திருக்கிறார்.

அதைப் பார்த்துத்தான் எங்கள் வியாழக்கிழமை வேதபாடத்தில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். மறுக்கிறவர் முதலில் எதிராளியின் கட்சியை, அவரே "ஆமா, அதான்" என்று தலையாட்டும்படி சொல்ல வேண்டும். முழுக்குக் கட்சித் தம்பி, ஆபிரகாம் வீட்டில் எட்டாம் நாள் பிள்ளையை உடன்படிக்கைக்குள் சேர்த்ததைச் சொல்லித் தெளிப்புக்காக வாதாடினான். தெளிப்புக் கட்சி அண்ணன், பிலிப்புவும் எத்தியோப்பிய மந்திரியும் தண்ணீரில் இறங்கியதை எடுத்தார். கட்சி மாறியவர் ஒருவருமில்லை. ஆனால் மறுவாரம் கேள்வி மாறிவிட்டது: பச்சைப்பிள்ளைக்கு விசுவாசம் இருக்க முடியுமா? இதற்கு லெந்து காலம் முழுக்கப் போதாது போலிருக்கிறது.